பின்புலச் சேவைமுகவரியும் சூழல் வேறுபாடும்

ஒரு சொல் தான் கூறப்படும் இடத்தினை நோக்கிப் பொருள் வேறுபடுதல் இலக்கணம் கற்றார் யாவரும் அறிந்ததொன்று. ‘இவ்விடம்’ என்னுஞ் சொல்லை ஓரூரில் நின்று ஒருவன் கூறின் அது அவ்வூரையும், வேறூரில் நின்று மற்றொருவன் கூறின் அவ்வேறூரையும் சுட்டும். சொல் ஒன்றே, சுட்டப்படும் பொருள் வேறு. இவ்வியல்பினை மறந்து ஒருவன் தன் நண்பனுக்கு எழுதிய திருமுகத்தில், ஊர்ப்பெயர் யாதும் குறியாது, ‘இவ்விடத்துக்கு வருக’ என்று மட்டும் வரைந்து விடுப்பானாயின், அதனைப் பெற்றவன் எங்கே செல்வான்? தன் வீட்டு வாயிலிலேயே நிற்பான்.

வலைச்செயலிகளை ஆக்குவோர் நாடோறும் எதிர்ப்படும் இடர்ப்பாடொன்று இத்திருமுகத்தின் தன்மையதே. ஆக்கியோரது கணினியிற் செவ்வனே இயங்கிய செயலி, மக்களது பயன்பாட்டுக்கு வைக்கப்பட்டவுடன் இயங்காதொழிகின்றது. அதற்குக் காரணம் பல வேளைகளிற் செயலியின் நிரலிலுள்ள தருக்கப் பிழையன்று. அச்செயலி தன் பின்புலத்தைத் தேடிச் செல்லும் முகவரியிலுள்ள பிழையேயாம். அம்முகவரி யாது, சூழல்தோறும் அது வேறுபடுதற்குக் காரணம் யாது, அதனை அமைத்தற்குரிய நெறி யாது என்னும் மூன்றும் இக்கட்டுரையில் முறையே விளக்கப்படும்.

முன்புலமும் பின்புலமும்

வலைச்செயலி என்பது பெரும்பாலும் இரு கூறுகளை உடையது. பயன்படுத்துவோர் கண்முன் தோன்றுவது முன்புலம். தோன்றாது நின்று தொழில்புரிவது பின்புலம். ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைக் காட்டுஞ் செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்க. நூற்பெயரை எழுதும் கட்டமும், தேடுக என்னும் பொத்தானும், விடையாக வரும் பட்டியலும் முன்புலத்தின்பாற்படும். அப்பெயரைத் தரவுத்தளத்தில் தேடி, நூல் உளதா, இரவல் போயிற்றா என ஆராய்ந்து விடை விடுப்பது பின்புலத்தின் தொழில்.

ஈண்டு நுணுகி அறியவேண்டுவது ஒன்றுண்டு. முன்புலத்துக்குரிய கோப்புகள் ஒரு சேவையகத்திலேயே வைக்கப்பட்டிருப்பினும், அவை இயங்குவது ஆங்கன்று. அவை பயன்படுத்துவோரது கணினிக்கோ கைப்பேசிக்கோ இறக்கப்பட்டு, அங்குள்ள உலாவியிலே இயங்குகின்றன. பின்புலமோ சேவையகத்தை விட்டு நீங்குவதில்லை. ஆகவே முன்புலம் பின்புலத்தோடு பேசும்போதெல்லாம் ஒரு கணினியிலிருந்து பிறிதொரு கணினிக்குச் செய்தி செல்கின்றது. அச்செய்தி சென்று சேர்தற்கு வேண்டப்படுவதே சேவைமுகவரி.

சேவைமுகவரி நான்கு உறுப்புகளாலானது. எச்.ரி.ரி.பி. அல்லது அதன் மறைகுறியாக்கப்பட்ட வடிவாகிய எச்.ரி.ரி.பி.எஸ். என்னும் நடப்பொழுங்கு முதலாவது. கணினியின் பெயர் இரண்டாவது. அக்கணினியில் எச்சேவையை நாடுகின்றது என உணர்த்தும் துறையெண் மூன்றாவது. அச்சேவையினுள் எப்பொருளை வேண்டுகின்றது எனக் காட்டும் வழி நான்காவது. துறையெண் குறிக்கப்படாதவிடத்து, முன்னைய நடப்பொழுங்குக்கு 80 எனவும் பின்னையதற்கு 443 எனவும் கொள்ளப்படும். இந்நான்கனுள் இறுதியது சூழல்தோறும் மாறுவதரிது. முதல் மூன்றுமே மாறுவன.

பெயரை இடத்தினின்றும் பிரித்தமை

முகவரிச் சிக்கல் வலையமைப்பின் தொடக்கந்தொட்டே இருந்து வருவது. அமெரிக்க நாட்டின் ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே கணினிகளின் பெயர்களையும் அவற்றுக்குரிய எண்முகவரிகளையும் நிரல்படுத்திய ஒற்றைக் கோப்பொன்று கலிபோணியாவிலிருந்த ஆராய்ச்சி நிறுவனமொன்றிற் பேணப்பட்டது. ஏனைய நிலையத்தார் அதனைப் படியெடுத்துத் தத்தம் கணினிகளில் வைத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக அம்முறை தாங்காதாயிற்று. 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்பார் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயர்முறைமை அக்குறையை நீக்கிற்று. அம்முறைமையின் உட்கிடை, பயன்படுத்துவோன் பெயரை மட்டும் அறிந்தாற் போதும். அப்பெயருக்குரிய இடம் இன்று யாது என்பதைக் கேட்டறியும் பொறுப்பு வேறோரிடத்தது என்பதேயாம். மாறுவதனை மாறாததனின்றும் பிரித்து வைத்தல் என்னும் இக்கொள்கையே மேற்கூறப்படும் நெறிகள் அனைத்துக்கும் அடிப்படையாவது.

சூழல்கள் மூன்று

ஒரு செயலி பிறந்து வளர்ந்து பயன்படும் இடங்களைச் சூழல் என்பர். நிறுவனந்தோறும் அவற்றின் தொகை வேறுபடுமாயினும், பொதுவகையால் அவை மூன்றென்னலாம். நிரலாளர் தம் கணினியில் எழுதியும் திருத்தியும் இயக்கிப் பார்ப்பது விருத்திச் சூழல். எழுதி முடிந்ததனை மெய்யான சேவையகத்தை ஒத்ததோர் இடத்தில் வைத்துச் சோதிப்பது ஒத்திகைச் சூழல். மக்கள் பயன்படுத்துவது பயன்பாட்டுச் சூழல். முதலாவதிற் பின்புலம் நிரலாளரது மேசைக் கணினியிலேயே 8000 முதலிய யாதானுமொரு துறையில் இயங்கும்; மறைகுறியாக்கம் பெரும்பாலும் இராது. மூன்றாவதிற் பின்புலம் பதிவுசெய்யப்பட்ட பெயருடைய சேவையகத்தில், மறைகுறியாக்கத்தோடு இயங்கும். தரவுத்தளங்களும் வேறு வேறாம். விருத்திச் சூழலிலுள்ள தரவுகள் அழியினும் கேடில்லை; பயன்பாட்டுச் சூழலிலுள்ளன மக்களது உடைமை.

‘லோக்கல்ஹோஸ்ற்’ ஒரு சுட்டுப்பெயர்

விருத்திச் சூழலில் நிரலாளர் பெரிதும் பயன்படுத்துவது ‘லோக்கல்ஹோஸ்ற்’ என்னும் பெயர். இதற்குரிய எண்முகவரி வழக்கமாக 127.0.0.1 ஆகும். 127 என்று தொடங்கும் முகவரித் தொகுதி முழுவதும் ஒரு கணினி தன்னைத் தானே அழைத்தற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இம்முகவரிக்கு விடுக்கப்படும் செய்தி கணினியை விட்டு வெளியே செல்லாது அதனிடத்தே மீள்கின்றது.

எனவே இஃது ஓர் இடத்தின் பெயரன்று. ‘இவ்விடம்’ என்பது போலச் சுட்டுப்பெயரே. முன்புலத்தின் நிரலில் இப்பெயர் எழுதப்பட்டுப் பயன்பாட்டுக்கு வைக்கப்படின், நெடுந்தொலைவிலுள்ள ஒருவரது கைப்பேசி அதனை இறக்கி இயக்குங்கால், அக்கைப்பேசி தன்னைத் தானே பின்புலமென எண்ணித் தன்னிடத்தே தேடும். ஆங்குப் பின்புலம் ஏது? விடை வாராது, திரையிற் பட்டியலும் தோன்றாது.

இப்பிழையை ஆக்கியோர் தாமே காணவொண்ணாமை இதன் கொடுமையை மிகுவிக்கின்றது. அவர் பயன்பாட்டுத் தளத்தைத் தம் கணினியிலே திறந்து பார்க்கும்போது, அக்கணினியில் விருத்திக்கென வைத்த பின்புலமும் இயங்கிக்கொண்டிருக்குமாயின், உலாவியின் பாதுகாப்பு விதிகள் தடுக்காதவிடத்து, ‘இவ்விடம்’ என்னுஞ் சுட்டு அவரளவிற் சரியான பொருளையே தரும். உலகிலுள்ளோர் யாவருக்கும் பழுதுபட்ட செயலி அவர் ஒருவருக்கு மட்டும் நன்கியங்கும்.

கொள்கலங்களிலும் இதே மயக்கம் உண்டு. 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட டொக்கர் முதலிய கருவிகள் ஒவ்வொரு சேவையையும் தனித்தனிக் கொள்கலத்தினுள் வைத்து இயக்குகின்றன. ஒரே கணினியில் இரு கொள்கலங்கள் இருப்பினும், வழக்கமான அமைப்பில் ஒவ்வொன்றும் தனக்கென வலையமைப்பு உடையது. ஆதலின் பின்புலக் கொள்கலத்தினுள் நின்று கூறப்படும் லோக்கல்ஹோஸ்ற் அக்கொள்கலத்தையே சுட்டுமன்றி, அயலிலுள்ள தரவுத்தளக் கொள்கலத்தைச் சுட்டாது. ஆங்கு அயற்சேவையின் பெயரைக் கூறியே அழைத்தல் வேண்டும்.

நிரலிற் பொறித்தலின் குற்றம்

அற்றேல், பயன்பாட்டுச் சேவையகத்தின் முழு முகவரியை நிரலிலே நேரே எழுதிவிட்டாலென்னை எனின், அதுவும் பொருந்தாது. அவ்வாறு செய்யின், நிரலாளர் தம் மேசையில் இருந்து செய்யும் ஒவ்வொரு சோதனையும் மக்களது மெய்யான தரவிற் சென்று படும். சோதனைக்கென நீக்கிய நூற்பதிவு நூலகத்தின் உண்மைப் பட்டியலினின்றும் நீங்கும்.

வெளியிடும்போது மட்டும் முகவரியைக் கையால் மாற்றிக்கொள்ளலாமெனக் கருதுவாருமுளர். நிரலின் நூறிடங்களில் எழுதப்பட்டதனை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கால் ஓரிடம் தப்புதல் இயல்பு. இன்னுஞ் சிலர், இன்ன சூழலாயின் இன்ன முகவரி என நிரலினுள்ளே நிபந்தனைகளை அடுக்குவர். இஃது ஓரளவு பயன்படுமாயினும், புதிய சூழலொன்று தோன்றுந்தோறும் நிரலையே திருத்த வேண்டிவரும். எல்லாச் சூழல்களின் முகவரிகளும் ஒரே நிரலிற் கலந்து கிடக்கும். ஆதலின் முகவரி நிரலுக்குப் புறத்தே நிற்றல் வேண்டும் என்பது பெறப்படும்.

சூழல் மாறிகள்

புறத்தே நிற்பதனை நிரலுக்கு அறிவித்தற்குப் பயன்படும் கருவி சூழல் மாறி எனப்படும். பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இவ்வசதி இடம்பெற்றது. ஒரு செய்நிரல் இயங்கத் தொடங்கும்போது, இயக்குமுறைமை அதனிடம் பெயரும் மதிப்புமாகிய இணைகளை ஒப்படைக்கின்றது. செய்நிரல் ‘தரவுத்தள முகவரி யாது?’ என வினவும். அது நிற்கும் சூழலே விடை கூறும். விருத்திச் சூழலில் ஒரு விடையும் பயன்பாட்டுச் சூழலில் வேறு விடையும் கிடைப்பினும், வினவிய நிரல் ஓரெழுத்தும் மாறுவதில்லை.

இந்நெறியை ஒரு கோட்பாடாக வலியுறுத்தியவர் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த அடம் விக்கின்ஸ் முதலியோர். இணையவழிச் செயலிகளுக்கெனப் பன்னிரண்டு விதிகளை வகுத்த அவரது ஏடு, அவற்றுளொன்றாக அமைப்புவிவரங்களைச் சூழலிலேயே வைக்க என விதிக்கின்றது. அவ்விதி கைக்கொள்ளப்பட்டதா என அறிதற்கு அவ்வேடு கூறும் சோதனை எளிதும் நுட்பமுமாம்: செயலியின் மூலநிரலை இக்கணமே உலகறிய வெளியிடின் மறைபொருள் யாதும் வெளிப்படாதெனின், அமைப்பு நிரலினின்றும் நன்கு பிரிக்கப்பட்டது என்க.

விருத்திச் சூழலில் இம்மாறிகளை ஒவ்வொரு முறையும் தட்டெழுதுதல் அலுப்பாதலின், ‘.என்வ்’ என்னும் பெயருடைய கோப்பில் அவற்றை எழுதி வைப்பர். இக்கோப்பு மூலநிரலோடு கிற் முதலிய களஞ்சியங்களிற் சேர்க்கப்படலாகாது. ஆயின் புதிதாக வரும் நிரலாளர் எம்மாறிகள் வேண்டுமென அறிதற்பொருட்டு, பெயர்களை மட்டும் கொண்டு மறைமதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பொன்றைச் சேர்த்தல் நன்று.

ஆக்கற் காலமும் இயங்கு காலமும்

இனி, பலரும் வழுவுமிடம் ஒன்று ஆராயத்தக்கது. சூழல் மாறி பின்புலத்துக்குக் கூறிய அளவில் முற்றப் பொருந்தும். ஏனெனிற் பின்புலம் இயங்கும் இடம் நிறுவுவோரது ஆட்சிக்குட்பட்டது. முன்புலமோ அயலார் உலாவியில் இயங்குவது. அவ்வுலாவியிற் சூழல் மாறிகளை வைப்பார் யார்? ஒருவருமிலர்.

வீற் முதலிய கட்டுகருவிகள் இக்குறைக்கு ஒரு வழி காண்கின்றன. முன்புலம் ஆக்கப்படும் வேளையில், அக்கருவி தான் இயங்கும் கணினியின் சூழல் மாறிகளை நோக்கி, அவற்றின் மதிப்பை நிரலினுள் எழுத்தாகவே பதித்துவிடுகின்றது. மறைபொருள் தவறி வெளிப்படாமைக்கென, குறித்த முன்னொட்டையுடைய மாறிகளே இவ்வாறு பதிக்கப்படும்.

இதனால் விளைவன இரண்டு. முதலாவது, சேவையகத்தில் மாறியின் மதிப்பைப் பின்னர் மாற்றினும் முன்புலத்தில் மாற்றம் நிகழாது. மீள ஆக்கினாலன்றிப் பழைய முகவரியே நிற்கும். ‘மாற்றியும் மாறவில்லை’ எனத் திகைப்பார் பலருக்கு நேர்ந்தது இதுவே. இரண்டாவது, முன்புலத்திற் பதிக்கப்பட்ட எதுவும் மறைபொருளாகாது. உலாவியில் இயங்குவதனை உலாவியையுடையோன் படித்தலுங் கூடும். ஆதலின் பின்புல முகவரியை முன்புலத்தில் வைக்கலாம். கடவுச்சொல்லையும் மறைத்திறவுகோலையும் வைத்தல் ஆகாது.

ஒத்திகையிற் சோதித்த அதே கோப்புகளையே மாற்றமின்றிப் பயன்பாட்டுக்கு வைக்க விரும்புவோர் வேறொரு வழியை நாடுவர். முகவரியைத் தனியொரு சிறு கோப்பில் எழுதிச் சேவையகத்தில் வைப்பர். முன்புலம் தொடங்கியவுடன் முதற்கண் அக்கோப்பைப் பெற்று முகவரியை அறியும். ஆக்கற் காலத்திற் பதிக்கப்பட்டது இவ்வாறு இயங்கு காலத்துக்கு மாற்றப்படுகின்றது.

ஒரே மூலமும் இடைநிற்குஞ் சேவையகமும்

முகவரி சரியாயிருந்தும் உலாவி தடைசெய்தல் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் யாவாஸ்கிறிப்ற் மொழியை ஏற்ற நெற்ஸ்கேப் நவிகேற்றர் என்னும் உலாவியிற் புகுத்தப்பட்ட ஒருமூலக் கொள்கையே அதற்குக் காரணம். நடப்பொழுங்கு, பெயர், துறையெண் என்னும் மூன்றும் ஒத்தனவே ஒரே மூலமெனப்படும். ஒரு மூலத்திலிருந்து வந்த பக்கம் வேறொரு மூலத்தின் விடையைத் தன்னிச்சையாகப் படிக்கலாகாது. இத்தடை இல்லையாயின், தீயோரது பக்கமொன்றைத் திறந்த மாத்திரத்தே அப்பக்கம் ஒருவரது வங்கிக் கணக்கையும் படித்துவிடக்கூடும்.

வேற்றுமூலத்துக்கு இசைவு வழங்க விரும்பும் பின்புலம், இன்ன மூலத்திலிருந்து வருவார்க்கு இசைவுண்டு எனத் தன் விடையின் தலைப்பிற் கூறுதல் வேண்டும். கோர்ஸ் எனப்படும் இம்முறை 2014ஆம் ஆண்டில் உலகளாவிய வலை ஒன்றியத்தின் பரிந்துரையாயிற்று. ஆகவே முன்புலத்தின் முகவரியும் பின்புலத்துக்கு ஓர் அமைப்புவிவரமாகின்றது. இருபாலும் ஒன்றையொன்று சூழல்தோறும் அறிந்திருத்தல் வேண்டும். மேலும், மறைகுறியாக்கத்தோடு வந்த பக்கம் மறைகுறியாக்கமற்ற பின்புலத்தைத் தொலைவில் அழைப்பின், உலாவி அதனைத் தடுத்துவிடும்.

இவ்விடர்கள் அனைத்தையும் ஒருங்கே குறைக்கும் வழி இடைநிற்குஞ் சேவையகமொன்றை வைத்தலாம். 2004ஆம் ஆண்டில் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் முதலியன இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. முன்புலம் முழு முகவரியைக் கூறாது வழியை மட்டும் கூறும். தான் எங்கிருந்து வந்ததோ அங்கேயே செய்தி செல்லும். ஆங்கு நிற்கும் இடைச் சேவையகம், குறித்த சொல்லோடு தொடங்கும் வழிகளைப் பின்புலத்துக்கும் ஏனையவற்றைக் கோப்புகளுக்கும் பிரித்து விடுக்கும். உலாவி காண்பது ஒரு மூலமே. ஆதலின் இசைவு வேண்டுவதில்லை. முன்புலத்திற் பதிக்கவேண்டிய முகவரியும் இல்லை. வழி மட்டும் கூறுதலும் ஒருவகைச் சுட்டே. ஆயின் அது சுட்டுவது இயங்கும் இடத்தையன்று, தான் வந்த இடத்தை. ஆதலின் தீங்கு விளையாது.

விருத்திச் சூழலிலும் கட்டுகருவியின் சேவையகம் இவ்விடைத்தொழிலைச் செய்யும். எனினும் அது விருத்திக்கு மட்டுமே உரியது. பயன்பாட்டுச் சூழலில் அதற்கு ஈடாக வேறொன்றை வைக்க மறப்பின், பின்புலத்தை நாடிய செய்திக்கு முன்புலத்தின் முகப்புப் பக்கமே விடையாக வருதலும் உண்டு. தரவை எதிர்பார்த்த நிரல் பக்கத்தின் தொடக்கக் குறியைக் கண்டு பொருளறியாது நின்றுவிடும். அப்பிழைச் செய்தியைக் காண்போர் தரவின் வடிவைக் குறைகூறுவர்; குறை உண்மையில் வழிப்படுத்தலிலேயே உள்ளது.

சூழல் மயக்கத்தால் விளைந்தவை

இவை சிறு பிழைகளென இகழத்தக்கன அல்ல. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளரொருவர் துணைத் தரவுத்தளச் சேவையகத்திற் செய்யக் கருதிய நீக்கற் கட்டளையை முதன்மைச் சேவையகத்திற் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துத் தரவுகள் மீட்கப்படாதொழிந்தன. சுமார் 5,000 செயற்றிட்டங்களும், அத்தொகையினவாகிய கருத்துரைகளும், ஏறக்குறைய 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிப்புற்றன. எஞ்சியவற்றை மீட்க உதவியது ஒத்திகைச் சூழலின்பொருட்டு முன்னரே எடுத்துவைக்கப்பட்ட படியொன்றாகும். சூழல்களைப் பிரித்து வைத்தலின் பயனும், அவற்றை மயங்கக் காண்டலின் கேடும் இந்நிகழ்ச்சி ஒன்றிலேயே விளங்கும்.

மறைபொருளை நிரலோடு வைத்தலின் கேட்டுக்கு ஊபர் நிறுவனத்தில் 2016ஆம் ஆண்டு நிகழ்ந்தது சான்றாகும். அதன் தனிக் களஞ்சியத்தினுட் புகுந்தோர் ஆங்குக் கிடந்த திறவுகோலைக் கொண்டு சேமிப்பகத்தைத் திறந்து, ஐந்து கோடியே எழுபது இலட்சம் மக்களது விவரங்களைக் கவர்ந்தனர். களஞ்சியம் பூட்டப்பட்டதேயாயினும், திறவுகோல் அதனுள் இருந்தமையே குற்றமாயிற்று.

கடைப்பிடிக்கற்பாலன

மேற்கூறியவற்றால் ஆக்குவோர் கொள்ளற்பாலன தெளிவாகும். முகவரியை நிரலின் ஓரிடத்திலிருந்தே பெறுக, பலவிடத்துப் பரப்பற்க. வேண்டிய மாறி இல்லாதவிடத்து லோக்கல்ஹோஸ்ற் என மௌனமாக ஊகித்துக்கொள்ளும் நிரலினும், ‘இன்ன மாறி இல்லை’ எனக் கூறித் தொடக்கத்திலேயே நிற்கும் நிரல் சிறந்தது. முன்னையது பிழையை மக்களிடம் கொண்டு சேர்க்கும், பின்னையது நிறுவுவோனிடமே உணர்த்தும். பயன்பாட்டு முகவரி எந்நிலையிலும் தானாக வந்து பொருந்தும் இயல்பு மதிப்பாக அமைதல் கூடாது. விருத்திச் சூழலினின்று பயன்பாட்டுத் தரவுத்தளத்தை அணுகுதற்குரிய திறவுகோலே இல்லாதவாறு செய்தல் எல்லாவற்றினும் மேலான காப்பாகும். இறுதியாக, நிறுவிய செயலியைப் பின்புலம் இயங்காத வேறொரு கணினியிலிருந்து, வேறொரு வலையமைப்பின் வழியாகத் திறந்து நோக்குக. அதுவன்றோ பயன்படுத்துவோரது நிலை?

நிரல் ஒன்று, அது நிற்கும் இடங்கள் பல. ஒன்றாகிய நிரலினுள் பலவாகிய இடங்களைத் திணிக்காது, இடத்துக்குரியதனை இடமே கூறுமாறு விடுதல் இந்நெறியின் சாரம். ஆக்குவோர்க்கு இது சில வரிகளால் முடியும் சிறு தொழில். ஆயின் அதனை அவர் செய்யாதொழியின், இன்னல் சேர்வது அவர்க்கன்று. வெறுமையான திரையை நோக்கி, பழுது தன் கைப்பேசியிலோ தன் அறியாமையிலோ உளதெனக் கருதி மீளும் எளிய பயனர்க்கேயாம். அவரை நினைந்து முகவரி எழுதுவோனே திருமுகத்தின் பயனை அறிந்தவனாவான்.